முதலெழுத்தை விரித்து எழுதுக

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. இட்லி மாவு இந்தக் குளிரில் புளிக்காது என்பதால் ராத்திரி முழுக்க மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டிருந்தேன். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுப்பு சூடாகும் நேரத்தில் கணினியைத் திறந்தேன். ஓர் ஆய்விதழ் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. என் கட்டுரையை அவர்கள் ஏற்றுக்கொண்டு சில வாரங்கள் ஆகியிருந்தன. அச்சுக்குப் போகும் முன் மேற்கோள் பட்டியலை மட்டும் சரிசெய்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள், தாங்கள் யார் யாருடைய வேலையை எடுத்தாண்டோம் என்று கடைசியில் வரிசையாக எழுத வேண்டும். குடும்பப் பெயர் முதலில். பிறகு ஒரு கமா. பிறகு சொந்தப் பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி. பிறகு ஆண்டு, தலைப்பு, வெளிவந்த இடம். எல்லாம் அகரவரிசையில். ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வொரு சட்டம். ஒன்றில் ஆண்டு அடைப்புக்குள் இருக்க வேண்டும், இன்னொன்றில் கடைசியில் வர வேண்டும். கட்டுரை எழுத ஆறு மாதம் ஆனாலும் அலுப்பதில்லை. இந்தப் பட்டியலுக்கு உட்கார்ந்தால் ஒரே நாளில் கழுத்து வலிக்கும்.

நான் மண்ணைப் பற்றிப் படித்தவள். ஜெர்மனியின் நடுவில், கோட்டிங்கன் என்ற ஊரில், பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கணவர் செந்திலும் இங்கேதான் வேலை பார்க்கிறார். எங்கள் மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

இதழிலிருந்து வந்த திருத்தங்கள் எல்லாம் சில்லறை. இங்கே ஒரு கமா, அங்கே ஒரு சாய்வெழுத்து. ஒன்றே ஒன்று மட்டும் அப்படி இல்லை. பூங்கொடி என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் அடித்து இப்படிக் கேட்டிருந்தார்கள்: 'எம். பூங்கொடி. இதில் குடும்பப் பெயர் எது? முதலெழுத்தை விரித்து எழுதுக. இது அச்சில் வராத ஆய்வேடு. வாசகர்கள் பார்ப்பதற்கு இணைய இணைப்பு தருக. இயலாவிட்டால் இந்த வரியை நீக்குக.'

செந்தில் காபியோடு வந்து தோளுக்கு மேலாகப் படித்துப் பார்த்தார்.

"ஒரு வரிதான தேனு. எடுத்துப்போட்டா வேலை முடிஞ்சுதில்ல?"

உண்மைதான். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்த வரி போனால் என் கட்டுரை சாய்ந்துவிடாது. காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலைத் தோட்டங்களின் மண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வேறு ஆதாரம் தேடிப் பிடித்திருக்கலாம். ஆனால் அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்த அந்தப் பட்டியலில், முகம் தெரிந்து, குரல் தெரிந்து, சாப்பாட்டில் என்ன பிடிக்கும் பிடிக்காது என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கையை எடுத்துவிட்டு இட்லி ஊற்றப் போனேன்.

2

பெயர் விஷயத்தில் இந்த நாட்டுக்கும் எனக்கும் வந்த முதல் நாளிலிருந்தே தகராறு.

ஊரில் நான் ந. தேன்மொழி. 'ந' என்பது அப்பா நாச்சிமுத்து. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கடவுச்சீட்டு எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றார்கள். அப்பா பெயரை எழுதினேன். இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு, 'ஃப்ராவ் நாஹிமுத்து, உட்காருங்கள்' என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

அன்றிலிருந்து நான் திருமதி நாஹிமுத்து. ஆங்கிலத்தில் எழுதியதை அவர்கள் படிக்கும்போது 'ச்சி' என்பது 'ஹி' ஆகிவிடும். வங்கியில், மருத்துவரிடத்தில், இனியாவின் பள்ளிக்கூடத்தில், அஞ்சல் பெட்டியில் எல்லாம் அப்பாதான். ஒருமுறை தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாரு அம்மணி, நான் கோயமுத்தூரத் தாண்டிப் போகாதவன். என்ற பேரு மட்டும் பிளேன் ஏறிப் போயி உக்காந்துக்கிச்சு. சம்பளம் கிம்பளம் எதாச்சும் குடுக்கறாங்களா என்ற பேருக்கு?"

மேற்கோள் பட்டியல்களிலும் அப்படித்தான். என் கட்டுரையை யாராவது எடுத்தாண்டால் 'நாச்சிமுத்து, டி.' என்று போடுவார்கள். மண்ணுக்கும் அப்பாவுக்கும் உள்ள உறவு, பட்டறையிலிருந்து வந்து கை கழுவுவதோடு முடிந்துவிடும். ஆனாலும் பிரேசிலிலும் போலந்திலும் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள், மண்ணைப் பற்றி நாச்சிமுத்து இப்படிச் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இனியா பிறந்தபோது பதிவு அலுவலகத்தில் இன்னொரு சுற்று. அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், அம்மாவுக்கு வேறு ஒன்று, அப்படியென்றால் நீங்கள் ஒரே குடும்பம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார் அதிகாரி. கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, மொழிபெயர்த்தவருக்கு உரிமம் உண்டு என்பதற்கும் ஒரு தாள் கொடுத்தோம். கடைசியில் குழந்தைக்குச் செந்திலின் பெயரே குடும்பப் பெயராயிற்று. அவள் வகுப்பில் செந்தில்குமார் என்று கூப்பிட்டால் கையைத் தூக்குவது என் மகள்.

மொழியிலும் சறுக்காத நாளில்லை. வந்த புதிதில் பேராசிரியர் வீட்டு விருந்தில் இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்பதை நானே ஜெர்மனாக்கி, 'நான் ஃபோல்' என்று சொன்னேன். மேசை முழுவதும் சிரித்தது. அதற்குப் போதை தலைக்கேறிவிட்டது என்று அர்த்தமாம். நான் குடித்திருந்தது எலுமிச்சைத் தண்ணீர்.

3

பூங்கொடி பல்லடத்துப் பக்கம். அம்மா கோழிப்பண்ணை வைத்திருந்தார். அப்பா இல்லை என்று மட்டும் சொல்வாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. கோவையில் முதுகலை படித்த இரண்டு வருடமும் விடுதியில் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். கோழி வளர்க்கும் வீட்டுப் பெண், கோழிக்கறி தொட மாட்டாள். என் அம்மா அவளுக்கென்று தனியாக அரிசிம்பருப்பு சாதம் செய்து வைப்பார்.

எனக்கு ஆய்வகத்திலேயே வேலை. அவளுக்குத் தோட்டம் தோட்டமாக அலைய வேண்டிய ஆய்வு. காரமடையைச் சுற்றிக் கறிவேப்பிலைத் தோட்டங்களில் மண் எடுக்க வேண்டும். துணைக்கு நான் போவேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மண் எடுக்கும் திருகு கம்பியோடு ஏறினால் கண்டக்டர், "ஏனுங்க அம்மணி, கெணறு தோண்டறதுக்கா போறீங்க?" என்பார். திரும்பி வரும்போது எங்கள் இருவர் துணியிலும் கறிவேப்பிலை வாசனை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பையில் என்ன என்று கேட்பார்கள். மண் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தது ஆர்.எஸ்.புரத்தில், ஒரு நகைக்கடைக்குப் பின்னால் மாடிப்படியில் ஏறிப் போகும் சிறிய கடையில். பட்டியலைச் சரிபார்க்கும் நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி. அவள் கையெழுத்துப் படியைப் பார்த்து வாசிப்பாள், நான் அச்சைப் பார்ப்பேன். "கமா... ஒரு இடம் உட்டு... ஜே புள்ளி... ஒரு இடம் உட்டு..." என்று பாட்டுப் போல இழுப்பாள். வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, "இந்தாளு எப்படி இருப்பான்னு நெனைக்கற?" என்பாள். ஒருவருக்குத் தாடி கொடுப்பாள். இன்னொருவருக்கு வழுக்கை. ஒரு ரஷ்யக்காரருக்கு ஏழு பெண் குழந்தைகளைக் கொடுத்து அவரைப் பாவம் என்றாள். தட்டச்சு செய்த அண்ணன் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, இத்தன சந்தோசமா ரெபரன்சு பாக்கறவங்கள நான் பாத்ததே இல்லீங்க" என்றார்.

அந்த வருடமே எனக்கு இங்கே வர வழி கிடைத்தது. அவளுக்குக் கோவையிலேயே முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. முதல் வருடத்தில் அவள் அம்மா பண்ணையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றும், விடுப்பில் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். விடுப்பு நீண்டது. படிப்பை நிறுத்திவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். பிறகு அவளுடைய எண் மாறியது, என்னுடையதும் மாறியது. எங்கள் வகுப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் இல்லை. சண்டையும் இல்லை, வருத்தமும் இல்லை. தொடர்பு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். இங்கே கறிவேப்பிலை விலை அதிகம். சின்னப் பொட்டலத்தில் பத்து இணுக்கு இருக்கும். அதைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் நினைவு வரும்.

4

அன்றே அப்பாவை அழைத்தேன். பட்டறையை விற்றுவிட்டு வீட்டில் இருக்கிறார். அம்மா போன பிறகு காலையில் நடை, மதியம் தூக்கம், சாயங்காலம் பேக்கரி என்று ஒரு கணக்கில் ஓடுகிறது அவர் பொழுது.

"அப்பா, பூங்கொடிய ஞாபகம் இருக்குதுங்களா?"

"கோழி திங்காத புள்ளதான? ஏன் இல்லாம? உங்கம்மா சாகற வரைக்கும் அந்தப் புள்ள எங்க இருக்குதோன்னு கேட்டுட்டே இருந்தா."

விஷயத்தைச் சொன்னேன். குடும்பப் பெயர், இணைப்பு, நீக்குக என்பதெல்லாம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது புரிந்துவிட்டது. வகுப்புக்காரர்கள் யாரிடமாவது எண் கேட்டுப் பார்க்கிறேன், நீங்கள் அலைய வேண்டாம் என்றேன்.

"அலைச்சல் என்ன கண்ணு? சிங்காநல்லூர்ல பஸ் ஏறுனா பல்லடம். எனக்கும் பொழுது போகோணுமில்ல?"

"பண்ணை எங்கன்னு தெரியாதுங்களேப்பா. பொங்கலூர் போற வழின்னு மட்டும்தான் தெரியும்."

"கோழிப்பண்ணை ஊருல தாயும் மகளுமா நடத்தற பண்ணை எதுன்னு கேட்டாச் சொல்லமாட்டாங்களா? சாயந்தரம் பொறப்புட்டாத்தான் இருட்டிப்போகும். காத்தால போறேன்."

எழுபத்திரண்டு வயது. முட்டி வலி. வேண்டாம் என்று இன்னும் இரண்டு முறை சொன்னேன். என் குரலில் அந்த வேண்டாம் சரியாக விழவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. இங்கே காலை மழை. சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடமிருந்து குறுஞ்செய்தி வரவில்லை; அவர் செய்தி அனுப்ப மாட்டார். பல்லடத்தில் இறங்கி ஒரு முறை, வழியில் ஒரு பேக்கரியிலிருந்து ஒரு முறை அழைத்தார். பேக்கரிக்காரர் வழி சொல்லிவிட்டாராம். பாதி வழிக்கு ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டாராம். தேங்காய் பன் ஒன்று வாங்கிக்கொண்டேன், சும்மா எப்படிப் போவது என்றார்.

அதற்குப் பிறகு நெடுநேரம் சத்தமில்லை.

5

அழைப்பு வந்தபோது திரையில் முதலில் தெரிந்தது ஒரு தகரக் கூரை. பிறகு அப்பாவின் காது.

"அம்மணி, தெரியுதா? இந்தா, ஆரு இருக்காங்கன்னு பாரு."

கைப்பேசி கை மாறியது. முடியில் பாதி நரைத்த ஒரு பெண், தலையில் துண்டு கட்டியிருந்தாள். அடையாளம் தெரிய எனக்கு ஒரு நொடி ஆனது. அவளுக்கு அந்த ஒரு நொடியும் ஆகவில்லை.

"தேனு! நீயா புள்ள? ஏன் இப்பிடி வெளுத்துப் போயிட்ட? அங்க வெய்யிலே அடிக்காதா?"

ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இரண்டு பேரும் நிறுத்தி, மறுபடியும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். அவள் கணவர் சிவக்குமார் தீவன லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறார், நடப்பதுதான் சிரமம்.

"அப்ப பண்ணைய முழுக்க நீதான் பாக்கற?" என்றேன்.

"ஆமா. மண்ணெடுத்த கை, இப்ப முட்டையெடுக்குது."

"கெனாவ்" என்றேன், என்னை அறியாமல். சரிதான் என்பதற்கு இங்கே சொல்லும் சொல் அது.

"என்னது, கனாவா? என்ன கனாக் கண்ட?"

சிரித்துவிட்டேன். விளக்கிச் சொன்னதும் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவள் பழைய ஆளாக மாறினாள். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆய்வேட்டை நான் எடுத்தாண்டிருப்பது, இதழில் கேட்டிருப்பது, கல்லூரி நூலகத்தில் பழைய ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றுகிறார்கள், எழுதியவர் நேரில் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது. கேட்கக் கேட்க அவள் முகம் மூடிக்கொண்டது.

"அதெல்லாம் எதுக்கு புள்ள இப்ப? என்ற பேர எடுத்துப்போடு."

"பூங்கொடி..."

"அது இல்லாட்டி உன்ற கட்டுரை நின்னு போயிருமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "போகாது" என்றேன்.

"அப்பறம் என்ன? நான் பாதில உட்டுப்போட்டு வந்தவ. அந்தப் பக்கமே நான் போறதில்ல. பஸ்ஸுல அந்த வழியாப் போனாக்கூட இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன். இப்பப் போயி அங்க கையெழுத்துப் போடுன்னா?"

அவள் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிக்கொண்டு கடந்து போன இடத்துக்குள், எனக்காக நுழையச் சொல்ல எனக்கு என்ன உரிமை? சரி, வேண்டாம் விடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆரு சாமி அது? நம்ம தேனுப் புள்ளையா?"

பூங்கொடியின் அம்மா. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அப்பா கொண்டுபோன தேங்காய் பன்னைப் பிட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசியை அவரிடம் காட்டினாள்.

"என்னமோ அப்பன் பேரு கேக்கறாங்களாட்ட இருக்குது?" என்றார்.

"ஆமாங்கம்மா. எம்முன்னா என்னன்னு கேக்கறாங்க. முழுப் பேரும் போடோணுமாம்" என்றேன். பூங்கொடியிடம், "உங்கப்பா பேரு என்ன பூங்கொடி? நான் கேட்டதே இல்ல."

அவள் அம்மாவை ஒரு முறை பார்த்தாள்.

"ரங்கசாமி" என்றாள்.

"அப்ப எம்மு?"

"எம்மு, அம்மா. மயிலாத்தாள்."

இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அவள் துணிப்பெட்டியில், தட்டில், புத்தகத்தில் எல்லாம் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்குப் பின்னால் ஓர் ஆண் இருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மயிலாத்தாள் சாதாரணமாகத்தான் சொன்னார். "இவ கைக்கொழந்தையா இருக்கறப்ப போன ஆளு கண்ணு. எங்க போனான், என்ன ஆனான், ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடத்துல சேத்தப் போனா, அப்பன் பேரச் சொல்லுன்னாங்க. இல்லாத ஆளு பேர எதுக்குங்க என்ற புள்ள தலைமேல வெக்கறது, என்ற பேரையே எழுதுங்கன்னேன். அப்பிடியெல்லாம் எழுதக்கூடாதும்மான்னாரு பெரிய வாத்தியாரு. ரெண்டு நாளு அங்கயே போயி உக்காந்துக்கிட்டேன். மூணாவது நாளு எழுதிப்போட்டாரு."

கைப்பேசியின் ஓரத்தில் அப்பாவின் முழங்கை தெரிந்தது.

நான் அந்தம்மாவுக்கு இந்த ஊர்ப் பட்டியல் முறையைச் சொன்னேன். முதலெழுத்தில் இருப்பவரின் பெயரை முழுதாக முன்னால் போடுவார்கள், எழுதினவருடைய பெயரைச் சுருக்கி ஓரெழுத்தாக்கிப் பின்னால் வைப்பார்கள் என்றேன். மயிலாத்தாள், கமா, பி.

"அப்ப என்ற பேரு முழுசா வருமா?"

"முழுசா வருமுங்க. முன்னாலயே வரும்."

அவர் பன்னை மடியில் வைத்தார். "பாருடி" என்றார் மகளிடம். "இத்தன வருசம் உன்ற பேருக்கு முன்னால நான் ஒரு எழுத்தா நின்னுட்டு இருந்தேன். இப்ப நீ எனக்குப் பின்னால ஒரு எழுத்தா நிக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தோம். பூங்கொடி சிரிக்கவில்லை.

"அம்மா, அது நான் பாதில உட்ட படிப்பு. அதப் போயி..."

"பாதில உட்டது அதுக்கு அடுத்த படிப்புதான? இந்தப் புஸ்தகம் முடிச்சதுதான?"

"முடிச்சதுதான்."

"முடிச்சதுக்கு எதுக்கு ஒளிஞ்சுக்கற? உட்டது என்னாலதான். என்ற இடுப்பு போனதுக்கு நீயி ஏன் அந்தப் பக்கம் பாக்காமத் திரும்பி உக்காரோணும்?"

இதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வெகு நாளாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்ன மாதிரி இருந்தது. பூங்கொடி கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்து, "அப்பறம் கூப்படறேன் கண்ணு" என்றார்.

நான் இந்தப் பக்கம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டிலின் ஓரத்தில் எனக்கும் இடம் இருந்திருக்கும். எழுந்து போனவளின் பின்னால் நான் போயிருப்பேன். போய் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றிருப்பேன். அதற்கு ஏழாயிரம் கிலோமீட்டர் குறுக்கே இருந்தது.

6

இதழுக்கு எழுதி இன்னும் சில நாள் கேட்டு வாங்கினேன். பூங்கொடியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவளுடைய எண் இப்போது என்னிடம் இருந்தது. ஆனால் நான் அழைக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு படி, எடுக்காமல் ஒரு படி என்று இரண்டு பட்டியல் தயாராக வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தபோது அவளுடைய குரல் பதிவு வந்தது. ஊரில் மதியம். பின்னால் ஹாரன் சத்தம், யாரோ இளநீர் விலை கேட்கும் சத்தம்.

"தேனு, போட்டுட்டேன் புள்ள கையெழுத்து. காலேஜ் கேட்டுக்கிட்டப் போறதுக்கே கால் வர்ல. அப்பறம் போயிட்டேன். கவுண்டர்ல ஒரு சின்னப் புள்ள இருந்துச்சு. பேரு, வருசம் எல்லாம் சொன்னேன். உள்ள போயி எடுத்தாந்து, இவங்க உங்களுக்கு என்ன வேணுங்கன்னு கேட்டுச்சு. நாந்தானுங்கன்னேன். அந்தப் புள்ள புஸ்தகத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. ஆதார்ல பூங்கொடி சிவக்குமார்னு இருக்குது, இதுல எம்முன்னு இருக்குதேன்னுச்சு. எம்மு எங்கம்மாங்க, வேணும்னா போன் போட்டுத் தாரேன் பேசுங்கன்னேன். சிரிச்சுப்போட்டுப் பாரத்தக் குடுத்துருச்சு."

கொஞ்சம் இடைவெளி. மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பறம் அங்கிருந்து ஊட்டுக்குப் போகல. மேட்டுப்பாளையம் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். காரமடைல எறங்கிப் பாத்தேன். மொதல் தோட்டத்துல இப்ப ஊடு கட்டியிருக்காங்க. ஆனா கெணத்தோரம் இருந்துச்சே, பெரியவர் மோர் குடுப்பாரே, அந்தத் தோட்டம் இப்பவும் கறிவேப்பிலைதான் புள்ள. ரண்டு இணுக்குப் பறிச்சுட்டு வந்தேன். உனக்கு எப்படிக் காட்டறதுன்னு தெரியல. சரி, வெக்கறேன்."

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே நின்று மறுபடியும் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டையா, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டார். தோழி என்று மட்டும் பதில் சொன்னேன். அவர் அது போதும் என்பதுபோலத் தலையசைத்தார்.

இணைப்பு கிடைத்ததும் பட்டியலை அனுப்பினேன். இதழிலிருந்து ஒரு வரியில் நன்றி வந்தது. மஞ்சள் போய்விட்டது. சில நாட்களில் அச்சுப்படி வந்தபோது கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தேன். அகரவரிசை என்பதால், 'மயிலாத்தாள், பி.' என்ற வரிக்கு நேர் கீழே என்னுடைய பழைய கட்டுரை ஒன்று விழுந்திருந்தது. ஆங்கிலத்தில் எம்முக்கு அடுத்தது என். 'நாச்சிமுத்து, டி.' நான் ஏற்பாடு செய்ததில்லை. மென்பொருள் தானாகச் செய்தது.

அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அங்கே போனதும் அழைத்தார். திரையில் தாள் மட்டும்தான் தெரிந்தது. அதன் மேல் நகம் கறுத்த அவர் விரல்.

"இதுதானுங்க நீங்க. இதுக்குக் கீழ இருக்கறது நானுங்க."

"ஏனுங்க, வயசுல பெரியவரு நீங்க. உங்களக் கீழ போட்டு என்ன மேல போட்டிருக்காங்க?" இது மயிலாத்தாள்.

"எழுத்து வரிசைங்களாமா. இருந்துட்டுப் போகுது, நீங்க மேலயே இருங்க."

பூங்கொடி கைப்பேசியை வாங்கி என்னிடம் இரண்டு வார்த்தை பேசினாள். காபி போடப் போறேன், போனை வெச்சிராத, வாரேன் என்று அதைக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். திரை இருட்டானது. குரல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. தாளைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிட்டது. அப்பா பட்டறையை விற்ற கதையைச் சொன்னார். அந்தம்மா இடுப்பு வலிக்கு எந்தத் தைலம் என்று சொன்னார். அம்மா இறந்ததை அப்பா சொன்னார்; "அரிசிம்பருப்பு சாதம் பத்தி இவ பேசாத நாளில்லைங்க" என்றார் அந்தம்மா. பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள்.

பூங்கொடி திரும்பி வந்த சத்தம் கேட்டது, டம்ளர்களின் சத்தமும் கேட்டது. நான் இருப்பதை மூன்று பேருமே மறந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

இனியா தூங்கி எழுந்து வந்தாள். மேசையில் இருண்ட திரையோடு பேசிக்கொண்டிருக்கும் கைப்பேசியைப் பார்த்து, யார் என்று ஜெர்மனில் கேட்டாள். தாத்தா என்றேன். யாரோடு பேசுகிறார் என்றாள். சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அங்கே மயிலாத்தாள் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரண்டும் அப்ப ஒட்டுக்காவே திரிஞ்சுதுங்களாமா. ஒட்டுக்காத் திங்கறது, ஒட்டுக்காப் படிக்கறது..."

"ஒட்டுக்கான்னா என்ன?" என்று இனியா கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

சொன்னேன். ஒன்றாக, சேர்ந்தே என்று அர்த்தம். அவள் தலையசைத்துவிட்டுத் தோசையைப் பிட்டாள். அந்தப் பக்கம் அப்பா இன்னொரு டம்ளர் காபி கேட்டார்.